புராணப் படமும் பகிடிப் படமும்: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ரீவி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ரீவி திருத்துகிறவனுக்குப் படமும் தெரிந்திருக்கும் என்று ஊரில் எப்படியோ ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ரிமோட்டைக் காட்ட வந்தவர் போகும்போது, "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளோடை இருந்து பாக்க நல்ல படம் ஒண்டு சொல்லுங்கோ" என்பார். எனக்கும் அது விருப்பமான வேலைதான். பள்ளிக்கூடக் காலம் தொட்டு, பார்த்த படங்களைப் பற்றிச் சீஆர் கொப்பியில் எழுதி வருகிறேன். இப்போது ஒன்பதாவது கொப்பி ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் புராணப் படங்களும் ராசா ராணிக் கதைகளும் பகிடிப் படங்களும்தான். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லி வாய் நொந்துபோனதால், கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம். கோபம் வந்தால் கடைக்கு வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே சண்டை பிடிக்கலாம்.

புராணப் படம் கும்பிட, பகிடிப் படம் சிரிக்க. இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் கதைக்கிறீர்கள்?

இதைக் கேட்பவர்கள் விடிய விடிய இருந்து நாடகம் பார்த்திருக்க மாட்டார்கள். அரிச்சந்திரன் பெண்டில் பிள்ளையை விற்றுவிட்டு நிற்பான், சனம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்துப் பபூன் உள்ளே வருவான். சிரித்து முடித்த பிறகு மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை அப்பா எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. அழுகையும் சிரிப்பும் ஒரே இரவில், ஒரே பாயில் இருந்தபடி.

சினிமாவிலும் அப்படித்தான் இருந்தது. 1964 தைப் பொங்கலுக்குக் கர்ணன் வந்தது. அடுத்த மாதமே காதலிக்க நேரமில்லை. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி, இரண்டிலும் கண்ணதாசனின் பாட்டு. காதலிக்க நேரமில்லையில் நாகேஷும் பாலையாவும் செய்த வேலையைப் பார்த்துச் சிரித்த சனம், அடுத்த வருடம் திருவிளையாடலில் அதே இரண்டு பேரையும் தருமியாகவும் ஹேமநாத பாகவதராகவும் பார்த்தது. கடவுள் படத்தில் கடவுளுக்கு எதிரே நின்று வாதாட அந்தக் காலத்தில் பகிடிக்காரர்களைத்தான் கூப்பிட்டார்கள். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. என் ஒன்பது கொப்பியிலும் திரும்பத் திரும்ப நான் எழுதியிருப்பது இதைத்தான்: சிரிக்கத் தெரிந்தவன் இல்லாத புராணப் படம் பாதி வழியில் படுத்துவிடுகிறது.

சரி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எதில் தொடங்கலாம்?

மாயாபஜார். 1957 இல் கே. வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம். மகாபாரதக் கதை என்கிறார்கள், ஆனால் முழுப் படத்திலும் பஞ்ச பாண்டவர்களில் ஒருவர்கூட முகம் காட்டுவதில்லை. முதல் தரம் பார்த்தபோது எனக்கு இது தெரியவேயில்லை. மூன்றாந்தரம் பார்க்கும்போது அம்மாதான், "அருச்சுனன் எங்கையடா?" என்று கேட்டா. அப்போதுதான் திடுக்கிட்டேன். பாரதத்தின் பெரிய ஆட்கள் எல்லோரையும் வெளியே விட்டுவிட்டு, ஒரு கலியாண வீட்டுக் குழப்பத்தை மட்டும் எடுத்துப் படமாக்கியிருக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: பலராமனின் மகள் வத்சலாவை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பாண்டவர் சொத்தை இழந்ததும் பேச்சு மாறித் துரியோதனன் மகனுக்கு என்றாகிறது. காசு போனால் சம்பந்தம் மாறுகிற கதையை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. கிருஷ்ணன் போட்ட திட்டப்படி கடோற்கசன் வத்சலாவைத் தூக்கிப்போய்க் காதலனிடம் சேர்த்துவிட்டு, தானே வத்சலா வேடத்தில் வந்து கலியாண வீட்டில் உட்காருகிறான்.

இங்கேதான் சாவித்திரி. உள்ளே இருப்பது கடோற்கசன், வெளியே தெரிவது மணப்பெண். மாப்பிள்ளை தங்கவேலு கிட்ட வரும்போதெல்லாம் அந்த அம்மா தோளை ஒரு மாதிரி அசைத்து, கண்ணை உருட்டி, மறு நொடியே நாணிக் குனிவா. ரங்காராவின் நடையை எப்படித்தான் அந்தச் சின்ன உடம்புக்குள் கொண்டுவந்தாவோ தெரியாது. நடிப்புப் படிக்கிறவர்கள் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டிய இடம்.

அப்புறம் திருச்சி லோகநாதன் குரலில் அந்தக் கலியாணச் சமையல் பாட்டு. லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும். 1957 இல் கொம்பியூட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. மார்க்கஸ் பார்ட்லியின் கமராவும் பொறுமையும்தான். எங்கள் வீட்டில் கலியாணத்துக்குப் பந்தியில் யாராவது கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் இன்றைக்கும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள்.

குறை? இருக்கிறது. தொடக்கத்தில் கொஞ்சம் ஆறுதலாக நகரும். பிள்ளைகள் எழும்பி ஓடப் பார்ப்பார்கள். பிடித்து வைத்திருங்கள்.

கர்ணனில் பகிடியே இல்லையே. அது படுத்துவிட்டதா?

இதைக் கேட்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்ல அடி. நானும் கொஞ்ச நாள் யோசித்தேன்.

பி. ஆர். பந்துலுவின் கர்ணனில் பகிடிக்காரன் என்று ஒருவர் இல்லைதான். ஆனால் சிரிப்பு இருக்கிறது. அது என். டி. ராமராவின் முகத்தில் இருக்கிறது. எல்லோரும் அழும் இடத்தில் அந்தக் கிருஷ்ணன் மட்டும் ஒரு மெல்லிய சிரிப்போடு நிற்கிறான். கவச குண்டலம் போகிறது, தாய் வந்து வரம் கேட்கிறாள், தேர்ச் சக்கரம் புதைகிறது. ஒவ்வொன்றும் நடக்கும்போது இவனுக்கு முடிவு தெரியும். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் சிவாஜியின் கண்ணீரை மூன்று மணித்தியாலம் எங்களால் தாங்க முடியாது.

கடைசியில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் வரும் பாட்டுக்கு நான் அழாத நாள் இல்லை. கிருஷ்ணனே பாடுகிறான், கொன்றவனே தாலாட்டுவது மாதிரி. 2012 இல் பழைய படச்சுருளைத் துப்புரவாக்கித் திரும்ப வெளியிட்டபோது, தமிழ்நாட்டில் புதுப்படத்துக்குக் கூடுகிற மாதிரிச் சனம் கூடியது. ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் பழையதான படம்!

பிடிக்காதது: முதற்பாதியில் பாட்டுக்கு மேல் பாட்டு. நல்ல பாட்டுகள்தான், வானொலியில் கேட்கும்போது ஒன்றையும் விட மனம் வராது. படத்தில் பார்க்கும்போது யுத்தம் எப்போது தொடங்கும் என்று கதிரையில் நெளிய வேண்டியிருக்கிறது. துரியோதனனாக வரும் அசோகனை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை என்பதும் எனக்கு மனக்குறை. நட்பு என்றால் என்ன என்பதைக் கர்ணனை விட அவர்தான் கூடுதலாகக் காட்டுகிறார்.

திருவிளையாடலில் சிவனா தருமியா?

தருமி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கதை எல்லோருக்கும் தெரியும். பெண்கள் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். ஏழைப் புலவன் தருமிக்குச் சிவன் பாட்டு எழுதிக் கொடுக்கிறான், நக்கீரர் குற்றம் கண்டுபிடிக்கிறார். அந்தப் பாட்டு உண்மையில் குறுந்தொகையில் இறையனார் பெயரில் இரண்டாவது பாட்டாக இருக்கிறது. நக்கீரராக வருபவர் படத்தை இயக்கிய ஏ. பி. நாகராஜன் தான். தான் எழுதிய வசனத்தைத் தானே குற்றம் சொல்லி நிற்கிறார் என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு பகிடிதான்.

கோயிலில் திருவிளையாடற் புராணம் படித்துப் பயன், அதாவது பாட்டுக்குப் பொருள், சொல்லும்போது இந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே பெரிய விசயம் சிவனும் நக்கீரரும் மோதுவது. நாகேஷ் வந்து அதைப் பசிக் கதையாக மாற்றிவிட்டார். ஆயிரம் பொன் கைநழுவிப் போய்விடுமோ என்று ஒருவன் தனியே நின்று புலம்புகிறானே, அந்த உடம்பு ஒரு நிமிடமும் ஒரு இடத்தில் நிற்காது. சால்வையும் கையும் காலும் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தமானவை மாதிரி ஆடும். எதிரே நிற்பது சிவாஜி. அவர் தன் குரலை இறக்கி, இடம் விட்டுக் கொடுத்து நிற்கிறார். பெரிய நடிகர் என்பதற்கு எனக்கு அந்தக் காட்சியே போதும்.

பாலையாவின் பாகம் இதற்கு அடுத்தது. பாலமுரளிகிருஷ்ணா பாடியதற்கு வாயசைத்து, அகம்பாவத்தைப் பாட்டோடு சேர்த்து மென்றுகொண்டு வருவார். பிறகு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டுவிட்டு இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடுகிற ஓட்டம்! இணுவில் பக்கம் மேளக்காரர் வீடுகளில் இந்தக் காட்சியைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள். இப்படி ஓடிய வித்துவான் கதை நாலு அவர்களிடம் இருக்கும்.

கந்தன் கருணை எப்படி? சூரன்போரைத்தான் வருடா வருடம் கோயிலில் பார்க்கிறோமே.

அதனால்தான் அந்தப் படத்துக்கு இங்கே கஷ்டம். கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்ன மண் இது. ஒருவர் பாட்டை வாசிக்க ஒருவர் பயன் சொல்லக் கேட்டே வளர்ந்த சனம். ஐப்பசியில் கோயில் வீதியில் சூரனைத் தோளில் தூக்கி இளந்தாரிகள் ஓடுகிற ஓட்டமும், தலை மாற மாறப் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் காதில் இருக்கும்போது, திரையில் அட்டை மலையைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் 1967 இல் வந்த அந்தப் படத்தில் இரண்டு விசயம் நிற்கிறது. ஒன்று கே. வி. மகாதேவனின் இசை. இந்தியத் தேசிய விருதில் இசையமைப்பாளருக்கு என்று முதன்முதலில் பரிசு கொடுத்ததே இதற்குத்தான். மற்றது வீரவாகுவாக வரும் சிவாஜியின் நடை. அந்த நடையைப் பார்த்துவிட்டு நாங்கள் ஒழுங்கையில் நடந்து பார்த்து விழுந்திருக்கிறோம்.

ஒரு சின்ன விசயம். கந்தபுராணத்தில் வள்ளி திருமணம் வரும் அன்றைக்குக் கோயிலில் கூட்டம் கூடும். முருகன் கிழவனாய் வந்து தினைமா வாங்கித் தின்று விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிற இடத்தில், பயன் சொல்பவர் நன்றாக இருமிக் காட்டுவார். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆக, புராணத்துக்குள்ளேயே பகிடி இருக்கிறது. படம் எடுப்பவர்கள் வெளியில் தேடத் தேவையில்லை.

ராமாயணப் படங்களில் ராவணன் பக்கம் சாய்வீர்களாமே?

கோணேசர் கோயிலுக்குப் போய் ராவணன் வெட்டைப் பார்த்து, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு வருகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

1958 இல் வந்த சம்பூர்ண ராமாயணத்தைப் பாருங்கள். டி. கே. பகவதி ராவணன். சபையில் இருந்து ராகங்களைப் பற்றிக் கேள்வி கேட்கக் கேட்க, சி. எஸ். ஜெயராமன் குரலில் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுகிற ஒரு காட்சி இருக்கிறது. வீணைக் கொடி பிடித்த அரசன். அந்தக் காட்சிக்குப் பிறகு அவன் தோற்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ராமனாக வருபவர் மாயாபஜாரில் கிருஷ்ணனாக வந்த அதே ராமராவ்தான். பரதனாக வரும் சிவாஜி கொஞ்ச நேரம்தான் வருகிறார், அழ வைத்துவிட்டுப் போகிறார். மற்றப்படி நீளம் கூடிய படம். இரண்டு இரவாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஜெனரேற்றர் சோதனை என்கிறீர்களே, அது என்ன?

90களின் முதற்பாதியில் இங்கே மின்சாரம் இல்லை. பழைய சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். பதினைந்து வயதில் நான் ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் எடுபிடியாக நின்றேன். ஒருவர் வீட்டு முற்றத்தில் இரவு மூன்று படம் ஓடும். பெட்ரோல் கிடையாது. கொஞ்சம் பெட்ரோல் விட்டு இழுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அது போடுகிற சத்தம் இருக்கிறதே! கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாலும் முற்றத்தில் பாதி வசனம் கேட்காது.

அந்தச் சத்தத்துக்கு மேலால் நிற்கிற படம்தான் படம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. சிவாஜி வசனம் நிற்கும். கட்டபொம்மனுக்கு ஜெனரேற்றர் ஒரு பொருட்டே இல்லை. கவுண்டமணி நிற்பார், அவர் குரலுக்கு முன்னால் எந்த இயந்திரமும் அடங்கும். மைக்கேல் மதன காமராஜன் நிற்கவில்லை. 1990 இல் வந்த அந்தப் படத்தை முற்றத்தில் பார்த்தபோது நாலு கமல், பாலக்காட்டுச் சமையல்காரன், கடைசியில் மலை விளிம்பில் ஒரு வீடு ஆடுகிறது என்பது மட்டும்தான் விளங்கியது. கிரேசி மோகன் எழுதியதில் முக்கால்வாசியை மண்ணெண்ணெய் தின்றுவிட்டது. பல வருடம் கழித்துக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியே பார்த்தேன். சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர் எனக்கு விசர் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். சோதனை பிழையாய்ப் போனது அந்த ஒரு படத்தில்தான். கொப்பியில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கரகாட்டக்காரன் வாழைப்பழம்?

அதைப் பற்றி இனி எழுத ஒன்றும் மிச்சம் இல்லை. 1989 இலிருந்து எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும்: சுன்னாகம் சந்தையில் கதலியோ இதரையோ கப்பலோ, கிலோக்கணக்கில்தான் நிறுத்துத் தருவார்கள். எங்கள் ஊரில் அந்தச் சண்டை வந்தே இருக்காது.

பழைய பகிடிப் படம் ஒன்று, கட்டாயம் பார்க்க வேண்டியது?

காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதர் இயக்கம், கதையில் சித்ராலயா கோபுவின் கை. நாகேஷ் படம் எடுக்கப் போகிறேன் என்று கம்பனி தொடங்கிவிட்டு, காசு வைத்திருக்கும் தகப்பன் பாலையாவுக்கு ஒரு பேய்க்கதை சொல்வார். எல்லோரும் நாகேஷைப் புகழ்கிறார்கள். அடுத்த தரம் பார்க்கும்போது நாகேஷைப் பார்க்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற பாலையாவை மட்டும் பாருங்கள். அந்த மனிசன் ஒரு சொல்லும் சொல்லாமல், முதலில் அலட்சியமாக, பிறகு நிமிர்ந்து, பிறகு கதிரையின் நுனிக்கு வந்து, கண்ணை அகட்டி, தன் பிள்ளை சொல்கிற புளுகுக்குத் தானே பயந்து நடுங்குகிறார். பகிடி சொல்கிறவனை விடக் கேட்கிறவன் கையில்தான் அது இருக்கிறது என்று நான் அந்தக் காட்சியில்தான் கற்றுக்கொண்டேன்.

மற்றப் பகுதிகள், காதலர் பாட்டு, மலையும் அணைக்கட்டும் எல்லாம் வடிவாக இருக்கும். பார்க்கலாம். ஆனால் பாலையா இல்லாத காட்சிகளில் நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.

தெனாலியில் கமல் பேசியது யாழ்ப்பாணத் தமிழா?

கனடாவில் இருக்கும் மச்சாள் வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்பா. அங்கே பிறந்த பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஊர்த் தமிழ் பழகினார்களாம்.

சொற்கள் எங்களுடையவைதான். பி. எச். அப்துல் ஹமீத் கமலுக்குப் பழக்கிவிட்டார், படத்திலும் அவராகவே வருகிறார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் குரல் வீட்டுக் குரல். இழுவைதான் கொஞ்சம் கூடிப்போனது. எங்கள் ஆட்கள் அவ்வளவு ராகம் போட்டுக் கதைப்பதில்லை, அதிலும் கோபத்தில் கதைத்தால் வெட்டு வெட்டென்று விழும். இந்தியப் படங்களில் எங்கள் தமிழைக் கதைக்கப் போய் மலையாளமாக்கிவிட்ட ஆட்களோடு ஒப்பிட்டால் கமலுக்கு நல்ல புள்ளி போடலாம்.

ஆனால் எனக்கு அந்தப் படத்தோடு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. அது வந்தது 2000 ஆம் ஆண்டு. அந்த வருடம் சண்டை ஆனையிறவைத் தாண்டித் தென்மராட்சிக்குள் வந்து, சாவகச்சேரி உறவுக்காரர் பதினொரு பேர் எங்கள் வீட்டில் இருந்தார்கள். யாரோ கொண்டுவந்த கசெற்றில் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்த்தோம். எதைப் பார்த்தாலும் தனக்குப் பயம் என்று தெனாலி வரிசையாக அடுக்குகிற இடத்தில் வீடே சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் பெரியம்மா, "எங்கடை பட்டியல் இதை விட நீளம்" என்றா. அதற்கும் சிரித்தோம். பிறகு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்கிற காட்சி. அதில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. படம் முடியும் முன்னமே பெரியம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

அகதியின் நடுக்கத்தை வைத்துப் பகிடி பண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில் அந்த இரவுதான். கொப்பியில் அன்றைக்கு விமர்சனம் ஒன்றும் எழுதவில்லை, பதினொரு பேரின் பெயரையும் எழுதி வைத்தேன்.

பொன்னியின் செல்வன் ஏமாற்றமா?

பாதி. என் சின்னம்மாவிடம் கல்கி இதழிலிருந்து கிழித்துக் கட்டிய தொகுதிகள் இருந்தன, ஓவியர் மணியத்தின் படங்களோடு. 1950 தொடக்கம் 54 வரை வாரா வாரம் வந்ததை அவவின் தகப்பன் சேர்த்து வைத்தது. 95 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. 2022 புரட்டாதியில் முதற்பாகம் வந்தபோது சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தியேட்டரில் எங்களுக்கு முன் வரிசையில் முழுக்க அவ வயது மனிசிகள். வந்தியத்தேவன் வந்ததும் பெடியளை விட அவர்கள்தான் சத்தம் போட்டார்கள்.

முதற்பாகத்தைக் காப்பாற்றியது கார்த்தியும், ஆழ்வார்க்கடியானாக வந்த ஜெயராமும். இரண்டு பேரும் சந்திக்கிற இடமெல்லாம் படம் மூச்சு விடுகிறது. மணிரத்னம் மற்றவர்களை எல்லாம் இறுகப் பிடித்து வைத்திருக்கிறார், ஒருவரும் சிரிக்கவே மாட்டோம் என்கிறார்கள். திரிஷாவும் ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நிற்கிற காட்சி மட்டும் விதிவிலக்கு. அங்கே சிரிப்புத் தேவையில்லை, கண்ணே போதும்.

எங்களுக்கு ஒரு தனி மனவருத்தம் உண்டு. கோடியக்கரையிலிருந்து பூங்குழலி இரவில் படகு வலித்து வருகிறாளே, நாவலில் அது எத்தனை அத்தியாயம்! பருத்தித்துறைக் கடற்கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அந்தக் கடல் வெறும் கதை இல்லை. படத்தில் அதைக் கண்ணை மூடித் திறக்கும் முன் கடந்துவிட்டார்கள்.

இரண்டாம் பாகம், 2023 சித்திரை. நாவல் படிக்காதவர்கள் அடுத்த இரண்டு வரியை விட்டுவிட்டுப் போங்கள். சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். பூக்கட்டிக் கோயிலில் தேவாரம் பாடுகிறவன் தலைக்கு மகுடம் வருகிற அந்தத் திருப்பம்தான் சின்னம்மாவுக்கு ஐந்து பாகத்திலும் மிகப் பிடித்தது. தியேட்டரை விட்டு வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறும் வரைக்கும் அவ ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தப் பெடியனுக்கு ஒரு பாட்டாவது குடுத்திருக்கலாம்" என்றா.

பாகுபலி?

பெரிய திரையில் பார்த்தால் வாய் பிளக்கும். சின்னத் திரையில் இரண்டாந்தரம் பார்த்தால் கட்டப்பாவும் சிவகாமியும்தான் மிஞ்சுவார்கள். காலகேயர் பேசுகிற பாஷையை மதன் கார்க்கி இருந்து உண்டாக்கினார் என்பது எனக்குப் பிடித்த விசயம். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒரு மாதம் அதில்தான் சண்டை பிடித்தார்கள்.

ராசா கதையையே பகிடியாக்கிய படம் ஏதாவது?

இம்சை அரசன் 23ம் புலிகேசி. 2006 ஆடியில் வந்தது, அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ-9 பாதை மூடியது. எங்களுக்கு எப்படியோ சீடியாக வந்து சேர்ந்தது, மா விலை எங்கேயோ ஏறிப் போயிருந்த, பின்னேரமே ஊரடங்கு விழுகிற நாட்களில். பொழுதுபட்டால் வெளியே போக முடியாது, உள்ளே வடிவேலு.

சிம்புதேவன் எடுத்தது 1958 உத்தமபுத்திரனின் இரட்டைப் பிள்ளைக் கதைதான். பழைய ராசா படங்களின் வசனம், உடுப்பு, அரண்மனை, சதிகார மாமன் எல்லாம் அச்சொட்டாக இருக்கும். யாரும் கோமாளித்தனமாக உடுத்தியிருக்க மாட்டார்கள், நாசர் உண்மையான வில்லனாகவே நடித்திருப்பார். அதனால்தான் நடுவில் நிற்கிற வடிவேலுவின் மீசை அவ்வளவு வேலை செய்கிறது. குளிர்பானக் கம்பனிகளை அடிக்கிற அடியும் நல்ல அடி. நல்லவனாக வருகிற மற்ற வடிவேலு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறார், அதற்கு என்ன செய்வது.

எங்கள் நாட்டுப் பகிடிப் படம் ஒன்றும் இல்லையா?

ஏன் இல்லை? 1976 இல் வந்த கோமாளிகள் இருக்கிறது. வானொலியில் ஓடிய கோமாளிகளின் கும்மாளம் நாடகம்தான் படமானது. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் கதைக்கிற தமிழ், ஐயர் தமிழ் நாலும் ஒரே அறைக்குள். பகிடி முழுக்கக் காதில்தான், கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. படமாகப் பார்த்தால் சுமார், நாடகமாகக் கேட்டால் தங்கம் என்று அப்பா சொல்வார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்த வரிசையில் கே. எஸ். பாலச்சந்திரனின் அண்ணை றைற்றையும் சேர்க்க வேண்டும். படம் இல்லை, ஒற்றை ஆள் மேடையில் நின்று ஒரு பஸ் முழுக்கச் சனத்தை ஏற்றி இறக்கிக் காட்டுவது. நாகேஷுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய ஆள்.

தியேட்டருக்குப் போவதா, வீட்டிலேயே பார்ப்பதா?

பெரிய படத்துக்குத் தியேட்டர். ராஜா, செல்வா, காகில்ஸ் சதுக்கம், எங்கே ரிக்கற் கிடைக்கிறதோ அங்கே. ஒரு தியேட்டரில் மட்டும், பெயர் வேண்டாம், இடைவேளைக்குப் பிறகு சத்தம் ஒரு பக்கப் பெட்டியில் மட்டும் வந்தது. எழும்பிப் போய்ச் சொன்னேன். "அண்ணை, படம் தெரியுதுதானே?" என்றார்கள். தொழில் பாசத்தில் நானே திருத்தித் தரட்டுமா என்று கேட்டும் விடவில்லை.

பகிடிப் படத்துக்கு வீடு போதும், ஆனால் தனியே பார்க்காதீர்கள். குறைந்தது நாலு பேர், அதில் ஒருவர் கெதியாகச் சிரிக்கிறவராக இருக்க வேண்டும். கச்சான் இருந்தால் நல்லது.

ஏன் இப்போது புராணப் படங்கள் வருவதில்லை?

ரீவிதான் காரணம் என்று ரீவி திருத்துகிறவனே சொல்ல வேண்டியிருக்கிறது. 1987 இல் தூர்தர்ஷனில் ராமாயணமும் அடுத்து மகாபாரதமும் தொடங்கியபோது, இங்கே பனை உயரத்துக்கு அன்ரனா கட்டி இந்தியாப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். ஹிந்தி ஒருவருக்கும் விளங்காது. கதை தெரிந்தபடியால் தேவையும் இல்லை. வாரா வாரம் வீட்டுக்குள்ளேயே கடவுள் வரும்போது யார் ரிக்கற் எடுப்பது? ஆனால் ஒன்று, அந்தத் தொடர்களில் தருமி மாதிரி ஒரு ஆளை நான் காணவில்லை.

படத்துக்குப் புள்ளி ஏன் போடுவதில்லை?

தெனாலிக்கு எத்தனை போடச் சொல்கிறீர்கள்?

அடுத்து என்ன பார்க்கப் போகிறீர்கள்?

அம்மா திரும்பவும் மாயாபஜார் கேட்டிருக்கிறா. சனிக்கிழமை இரவு போட வேண்டும். தொடங்கிப் பத்து நிமிடத்தில் சாய்மனைக் கதிரையில் நித்திரையாகிவிடுவா. கடோற்கசன் சாப்பிட இருக்கும்போது எழுப்பச் சொல்லியிருக்கிறா.